விளம்பர முகவரும் தமிழ்ச் சஞ்சிகையும்: எஸ். எஸ். வாசனின் தொழில்வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

1. அறிமுகம்

கல்முனையிலும் அதனை அண்டிய கரையோர ஊர்களிலும் தோன்றிய இலக்கியச் சஞ்சிகைகளின் வரலாற்றை எழுத முற்படுபவர், அவற்றின் தரத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னர் அவற்றின் ஆயுளைப் பற்றி எழுத வேண்டியவராகின்றார். 1960களில் நீலாவணன் முன்னின்று நடத்திய ‘பாடும்மீன்’ சில இதழ்களுடன் நின்றுபோயிற்று. 1969, 70 ஆம் ஆண்டுகளில் எம். ஏ. நுஃமான் முதலியோர் கல்முனையிலிருந்து வெளியிட்ட ‘கவிஞன்’ காலாண்டிதழும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஈழத்துத் தமிழ்க் கவிதை வரலாற்றில் இவ்விதழ்களுக்குள்ள இடம் இன்று ஒப்புக்கொள்ளப்பட்டதொன்று. எழுதுவோர் இருந்தனர், எழுதப்பட்டதற்குத் தகுதியும் இருந்தது. ஆயினும் இதழ்கள் நின்றன.

அதே காலப்பகுதியில் இக்கரையோரக் கடைத்தெருக்களிற் சென்னைச் சஞ்சிகைகள் வாரந்தோறும் தொங்கின. அவற்றுள் முதன்மையானதாகிய ஆனந்த விகடன் 1926 இலே தொடங்கப்பட்டு இன்றுவரை வெளிவருகின்றது. இவ்வேறுபாட்டுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம், அவை சனரஞ்சகமானவை, வணிக நோக்குடையவை என்பதாகும். இது தவறன்று; ஆனால் போதுமான விளக்கமுமன்று. வணிக நோக்குடன் தொடங்கப்பட்டு ஓராண்டுக்குள் மறைந்த இதழ்களும் தமிழிற் பலவுள. எனவே வணிகம் என்று நாம் ஒரு சொல்லாற் சுட்டிச் செல்வது எவ்வாறு இயங்கிற்று என்பதே ஆராயப்பட வேண்டியதாகும்.

இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமான ஒருவர் விகடனின் அதிபர் எஸ். எஸ். வாசன் (1904–1969) ஆவார். வாசனைத் திரைப்பட அதிபராகவும் பத்திரிகை அதிபராகவும் பலர் அறிவர். அவர் தம் தொழில்வாழ்வை விளம்பர முகவராகத் தொடங்கினார் என்ற செய்தி, வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரியாக மட்டும் இடம்பெறுவதுண்டு. அவ்வொரு வரியே பின்னர் நிகழ்ந்தவை அனைத்தையும் விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல் என்பது எமது கருத்தாகும்.

2. விளம்பர முகவர்

வாசனின் இயற்பெயர் ஸ்ரீநிவாசன். பழைய தஞ்சை மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியிற் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தமையால் தாயாருடன் சென்னையிற் குடியேறினார். பச்சையப்பன் கல்லூரியில் தொடங்கிய படிப்பு முற்றுப்பெறவில்லை. சொத்தோ குலத்தொழிலோ துணையில்லாத இளைஞரொருவர் சென்னை போன்ற நகரில் முதலீடின்றிச் செய்யக்கூடியதாக இருந்த தொழில்களுள் ஒன்று விளம்பரம் சேகரித்தலாகும். அதனையே அவர் மேற்கொண்டார். அதனோடு தபால்வழி வியாபாரமும் செய்தார்.

இவ்விரு தொழில்களின் இயல்பையும் சற்று விளக்குதல் அவசியம். விளம்பர முகவர் என்பவர் வியாபாரியிடம் சென்று விளம்பரம் பெற்று, பத்திரிகையிடம் அதற்கான இடத்தைப் பெற்று, இடையிலே தரகு பெறுபவர். அவர் விற்பது காகிதத்திலுள்ள வெற்றிடமன்று. அவ்விடத்தைக் காணப்போகும் கண்களையே அவர் விற்கின்றார். எந்தப் பத்திரிகையை யார் வாசிக்கின்றனர், அவர்கள் எப்பொருளை வாங்க வல்லவர்கள், எந்த ஊரில் எத்தனை படிகள் செல்கின்றன என்பனவெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்திரிகை ஆசிரியர் பலர் தம் வாசகரைப் பற்றி மனத்தில் ஒரு படிமத்தையே கொண்டிருந்த காலத்தில், விளம்பர முகவர் அவர்களை எண்ணிக்கையாகவும் இடமாகவும் வாங்குந்திறனாகவும் அறிந்திருந்தார்.

தபால்வழி வியாபாரம் மற்றொரு பாடத்தைப் புகட்டவல்லது. பொருளை நேரிற் காணாத ஒருவரை, அச்சிட்ட சொற்களைக் கொண்டு மட்டுமே பணம் செலுத்தச் செய்யவேண்டியது அத்தொழில். எச்சொல் வாங்குவோரை ஈர்த்தது, எது ஈர்க்கவில்லை என்பது வந்துசேரும் கட்டளைகளின் தொகையால் உடனுக்குடன் தெரிந்துவிடும். கிராமத்தில் இருக்கும் முகந்தெரியாத வாசகரைப் பற்றிய நடைமுறை அறிவு இதன்வழி கிடைப்பது. வாசனின் பிற்கால முயற்சிகளில் இவ்விரு பாடங்களும் ஒன்றுசேர்ந்திருப்பதைக் காணலாம்.

3. விகடன் கைமாறியமை

பூதூர் வைத்தியநாதையர் 1926 இலே தொடங்கிய நகைச்சுவை மாத இதழ் ஆனந்த விகடன். வாசன் அதற்கும் விளம்பரம் சேகரித்துக் கொடுத்தவர். 1927 இறுதியில் இதழ் தடைப்பட்டபோது, அதன் உரிமையை ஏறத்தாழ 200 ரூபாவுக்கு அவர் வாங்கி, 1928 பெப்ரவரியிலிருந்து தாமே வெளியிடலானார்.

இலக்கிய நோக்குடைய ஒருவர் இதழ் தொடங்கும்போது எழுத்தை முதற்கண் வைத்து, பின்னர் வாசகரைத் தேடி, இறுதியில் வேறு வழியின்றி விளம்பரத்தை நாடுவார். வாசன் எதிர்ப்புறத்திலிருந்து வந்தவர். விளம்பரக்காரர் எதனை வேண்டுவர் என்பதை அறிந்து, அதற்குரிய வாசகர் கூட்டத்தைத் திரட்டுவதற்கு எத்தகைய எழுத்துத் தேவை எனச் சிந்தித்தவர்.

இங்கு சஞ்சிகையின் பொருளாதாரத்தை நோக்குதல் வேண்டும். சஞ்சிகை இரு சந்தைகளில் ஒரே நேரத்தில் விற்கப்படும் பண்டம். வாசகருக்கு எழுத்தை விற்கின்றது. விளம்பரக்காரருக்கு வாசகரை விற்கின்றது. அச்சுக்கோத்தல், ஆசிரியர் ஊதியம், படம் வரைதல் ஆகிய செலவுகள் நூறு படி அச்சிட்டாலும் பத்தாயிரம் படி அச்சிட்டாலும் ஏறத்தாழ ஒன்றே. உதாரணமாக இச்செலவு 1,000 ரூபா எனக் கொள்வோம். 500 படிகள் விற்கும் இதழில் ஒவ்வொரு படியும் இதன்பொருட்டு 2 ரூபாவைச் சுமக்கின்றது. 10,000 படிகள் விற்கும் இதழில் அச்சுமை 10 சதமாகக் குறைகின்றது. படிகள் பெருகப் பெருக விலையைக் குறைக்கலாம். விலை குறைய மேலும் படிகள் விற்கும். விற்பனை உயர விளம்பரக் கட்டணத்தை உயர்த்தலாம். அவ்வருவாயைக் கொண்டு சிறந்த எழுத்தாளரையும் ஓவியரையும் அமர்த்தலாம். அதனால் விற்பனை மேலும் உயரும். இச்சுழற்சி ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னைத் தானே வளர்ப்பது. தொடங்காதவிடத்து ஒவ்வோர் இதழும் முன்னைய இதழின் கடனோடு பிறக்கின்றது. கல்முனைச் சிற்றிதழின் நிலை இப்பின்னையதே.

4. வாசகரைத் திரட்டிய வழிகள்

சுழற்சியைத் தொடக்கிவைப்பதற்கு வாசன் கையாண்ட வழிகள் பலவாகும். பரிசுத் தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகள் 1930களில் விகடனின் விற்பனையைப் பெரிதும் உயர்த்தின. இத்தகைய போட்டிகள் வாசகரை வாரந்தோறும் இதழுக்காகக் காத்திருக்கச் செய்வன. இதழ் வாசிக்கும் வழக்கமில்லாதவரையும் வாங்கத் தூண்டுவன. சூதாட்டத்தின் சாயல் இதில் உண்டு என்ற கண்டனம் அக்காலத்திலேயே எழுந்தது. தொடர்கதையும் வாசகரை அடுத்த வாரத்தோடு பிணைக்கும் மற்றொரு கயிறு. தீபாவளி மலர் என்னும் சிறப்பிதழோ பண்டிகைக் காலத்தில் வாங்கப்படும் துணி, நகை, எண்ணெய் முதலிய பண்டங்களின் விளம்பரத்திற்கென்றே அமைந்ததுபோன்ற வாய்ப்பு. மாலியின் கேலிச்சித்திரங்களும் பின்னர் கோபுலுவின் ஓவியங்களும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையிலிருந்தோரையும் இதழினுள் அழைத்துச் சென்றன.

இவற்றால் உருவாகியது குடும்ப இதழ் என்னும் வகையாகும். ஒரு படியை வீட்டிலுள்ள பலரும் வாசிப்பர். வீட்டுக்கு வேண்டிய பண்டங்களைத் தீர்மானிக்கும் பெண்களும் வாசிப்பர். விளம்பரக்காரருக்கு இதனினும் உவப்பான வாசகர் கூட்டம் வேறில்லை. குடும்பத்திலுள்ளோர் யாவரும் கூசாது வாசிக்கத்தக்கதாக எழுத்து அமைய வேண்டும் என்ற நியதி இதன்வழியே தோன்றிற்று. நாம் ஓர் ஒழுக்கநெறியாகக் கருதும் இந்நியதிக்கு ஒரு வணிக அடித்தளமும் உண்டு என்பது நோக்கற்பாலது.

எனினும் இத்தகைய இதழில் வெளிவந்தனவெல்லாம் பொழுதுபோக்கு எழுத்துக்களே எனக் கொள்ளுதல் பொருந்தாது. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனிலேயே தொடராக வந்தது. ஓலைச்சுவடிகளோடு வாழ்ந்த புலவரின் வரலாறு பல்லாயிரம் வீடுகளை அடைவதற்கு விளம்பர முகவர் ஒருவர் அமைத்த வழியே பயன்பட்டது. முற்போக்கு இதழ்களிலே எழுதி வளர்ந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966 இல் வெளியாகித் தமிழகமெங்கும் விவாதத்தைத் தோற்றுவித்ததும் இவ்விதழிலேயே. ஒரு சிற்றிதழில் அக்கதை வெளிவந்திருப்பின் அத்தகைய சமூக விவாதம் எழுந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. 1933 இலே தோன்றிய மணிக்கொடி தமிழ்ச் சிறுகதையின் தரத்தை நிறுவியது. ஆனால் அவ்வாண்டுகளில் வாசிக்கும் பழக்கத்தை வீடுகளிற் பரப்பியது விகடனே. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றை மட்டும் வரலாறாகக் கொள்வது எமது விமர்சன மரபில் நேர்ந்த ஒரு குறைபாடாகும்.

5. ஆசிரியரும் விளம்பர முகாமையாளரும்

வாசன் 1930களின் தொடக்கத்தில் ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கியை விகடனின் ஆசிரியப் பொறுப்பில் அமர்த்தினார். இதழின் அதிபரும் அதன் எழுத்துக்குப் பொறுப்பானவரும் வெவ்வேறு நபராக இருப்பது தமிழ்ச் சஞ்சிகைத் துறையில் ஒரு முக்கிய மாற்றமாகும். முந்திய தலைமுறையில் திரு. வி. கலியாணசுந்தரனாரைப் போன்றோர் தம் கொள்கையின்பொருட்டு இதழ் நடத்தினர். இதழ் அவர்களுடைய குரலின் நீட்சியாக விளங்கிற்று. விகடனில் எழுத்து ஒரு துறையாகவும் விளம்பரம் ஒரு துறையாகவும் விற்பனை ஒரு துறையாகவும் பிரிந்தன. அவற்றை இணைக்கும் முகாமையாளராக அதிபர் விளங்கினார்.

கல்கி விகடனை விட்டு நீங்கி 1941 ஆகஸ்டில் ‘கல்கி’ இதழைத் தொடங்கியபோது இவ்வமைப்பின் வலிமை வெளிப்பட்டது. அவருடன் கூட்டுச் சேர்ந்தவர் விகடனின் விளம்பரப் பிரிவில் பொறுப்பு வகித்த டி. சதாசிவம். வேண்டிய முதலுக்கு, ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்ததற்கு எம். எஸ். சுப்புலட்சுமி பெற்ற ஊதியம் உதவிற்று. புதிய இதழை நிறுவியோர் ஓர் ஆசிரியரும் ஒரு விளம்பர முகாமையாளரும் என்பது தற்செயலன்று. இரண்டில் ஒன்றில்லாமல் மற்றையது நிலைக்காது என்பதை அவ்விருவரும் விகடன் அலுவலகத்திலேயே கற்றிருந்தனர். 1947 இலே தோன்றிய குமுதமும் எஸ். ஏ. பி. அண்ணாமலை என்னும் ஆசிரியரும் பி. வி. பார்த்தசாரதி என்னும் நிர்வாகியும் இணைந்த இணைப்பாலேயே வளர்ந்தது. இந்தியாவில் விற்பனைப் படிகளைத் தணிக்கை செய்து சான்று வழங்கும் நிறுவனம் 1948 இலே தோன்றியது. அதன்பின்னர் வாசகர் தொகை என்பது அதிபரின் வாய்ச்சொல்லாக இல்லாமல், விளம்பரக்காரர் நம்பி விலை பேசக்கூடிய ஓர் எண்ணாயிற்று.

6. இதழிலிருந்து திரைக்கு

வாசன் எழுதி விகடனில் வந்த ‘சதி லீலாவதி’ 1936 இலே திரைப்படமாயிற்று. 1939 இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ இத்துறையில் மேலுமொரு படியாகும். கல்கியின் அக்கதை விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகத் திரைப்படத்தின் நிழற்படங்களே இடம்பெற்றன. வாசகர் வாரந்தோறும் படித்தது கதையாகவும் இருந்தது, வரவிருக்கும் படத்தின் விளம்பரமாகவும் இருந்தது. அதற்காக வாசகரே பணமும் செலுத்தினர். விளம்பரத்தையும் உள்ளடக்கத்தையும் பிரிக்கும் கோடு அழிந்துபோன தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இது ஒன்றாகும். இப்படத்தின் விநியோகத்திலும் வாசனுக்குப் பங்கிருந்தது.

தீயினால் அழிவுற்று ஏலத்துக்கு வந்த படப்பிடிப்பு நிலையத்தை வாங்கி, ஜெமினி என்னும் பெயரில் அவர் நடத்தத் தொடங்கியபின் இம்முறை பேரளவில் வளர்ந்தது. 1948 ஏப்ரலில் வெளிவந்த ‘சந்திரலேகா’வுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபா செலவாயிற்று என்பர். அச்செலவைத் தமிழ்ச் சந்தை மட்டும் ஈடுசெய்ய இயலாது. ஆதலால் அவ்வாண்டு இறுதியில் இந்தி வடிவத்தை அறுநூறுக்கு மேற்பட்ட படிகளுடன் இந்தியாவெங்கும் வெளியிட்டு, பத்திரிகை விளம்பரத்துக்கு அதுவரை தென்னிந்தியத் திரைத்துறை கண்டிராத அளவில் அவர் செலவிட்டார். சென்னைப் படமொன்று வடநாட்டுச் சந்தையைப் பேரளவில் கைப்பற்றியமைக்கு முரசு நடனக் காட்சி மட்டும் காரணமன்று. அக்காட்சியைப் பற்றிய செய்தி படத்துக்கு முன்னரே ஊர்களைச் சென்றடைந்திருந்தமையும் காரணமாகும்.

ஜெமினி நிறுவனத்தின் உள்ளமைப்பைப் பற்றி அங்கு 1952 முதல் 1966 வரை பணியாற்றிய எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதிய நினைவுக் கட்டுரைகள் மிகவும் பயனுடையவை. பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்புகளில் ஒட்டிச் சேகரிப்பதே அங்கு அவருக்கிட்ட வேலை. தமிழின் தலைசிறந்த புனைகதையாசிரியருள் ஒருவர் வெகுசனத் தொடர்பு நிறுவனமொன்றில் தம் இளமைக்காலத்தைக் கழித்த முறை அது. அந்நிறுவனம் அவருக்கு வாழ்வுக்கு வேண்டிய ஊதியத்தை அளித்தது. அவருடைய எழுத்தாற்றலை அது வேண்டி நிற்கவில்லை. எழுத்தாளரை இத்தொழில் எவ்விடத்தில் வைக்கின்றது என்பதை இவ்வொரு செய்தியே உணர்த்தும்.

வாசன் 1964 இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். 1969 இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 26 ஆம் நாள் காலமானார்.

7. எமது கரையோரமும் இச்சந்தையும்

இத்தொழில்முறை அம்பாறைக் கரையோரத்தைப் பாதித்தவாறு யாது? விளம்பரத்தால் வாழும் இதழ் தன் வாசகரைத் தானே தெரிந்தெடுக்கின்றது. விளம்பரக்காரரின் பண்டம் எட்டும் எல்லையே அவ்விதழின் அக்கறையின் எல்லையுமாகும். சென்னை இதழ்களின் கதையுலகம் பெரும்பாலும் சென்னை, தஞ்சை நடுத்தரக் குடும்பங்களின் உலகம். மருதமுனையின் தறிக்குழியில் அமர்ந்திருந்த நெசவாளியும், சம்மாந்துறை வயல்களின் குத்தகைக்காரரும், சாய்ந்தமருதுக் கரைவலைத் தொழிலாளியும் அவ்விதழ்களை வாசித்திருக்கலாம். ஆனால் அவர்களை நோக்கி எவ்விளம்பரமும் எழுதப்படவில்லை. ஆகவே அவர்களைப் பற்றி எக்கதையும் எழுதப்பட வேண்டிய தேவை ஏற்படவில்லை. கடல்கடந்து வந்த படிகள் அதிபருக்கு மேலதிக விற்பனை மட்டுமே. கிழக்கிலங்கை முஸ்லிம் வாழ்வு தமிழ்ப் புனைகதையில் இடம்பெறுவதற்கு மருதூர்க் கொத்தன் போன்றோர் இம்மண்ணிலிருந்தே எழுதவேண்டியிருந்தது.

1970களின் தொடக்கத்தில் அன்றைய இலங்கை அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது முற்போக்காளர் அதனை வரவேற்றனர். ஈழத்து நூல் வெளியீடு அக்காலத்தில் மலர்ந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் அதற்குச் சான்று. இக்கட்டுப்பாடு ஒரு வெற்றிடத்தை உண்டாக்கியதேயன்றி, அதை நிரந்தரமாக நிரப்பும் தொழிலமைப்பை உண்டாக்கவில்லை. ஊர்தோறும் முகவர், விற்ற பணம் காலத்தில் திரும்பும் ஒழுங்கு, உள்ளூர் வணிகரிடமிருந்து தொடர்ச்சியான விளம்பரம் ஆகிய மூன்றும் நிலைபெறுமுன்னரே 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இந்தியச் சஞ்சிகைகள் மீண்டும் வந்தன.

அதே வேளை மாற்று வழிகள் இருக்கவில்லை எனக் கூறுவதற்கில்லை. யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகம் ‘மில்க்வைற் செய்தி’ என்னும் இதழைத் தானே வெளியிட்டு, வணிகப் பெயரோடு அறிவுச் செய்திகளையும் பரப்பிற்று. டொமினிக் ஜீவா 1966 இலே தொடங்கிய ‘மல்லிகை’ 2012 வரை நீடித்தது. அதிபர், ஆசிரியர், விளம்பரம் சேகரிப்போர், தோளிற் சுமந்து விற்போர் ஆகிய அனைவரும் அங்கு ஒருவரே. வாசன் துறைகளாகப் பிரித்தவற்றை ஜீவா தம் உடலுழைப்பால் ஒன்றாக்கினார். கல்முனை வாசகர் சங்கம் வேறொரு வழியைக் காட்டிற்று. மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் ஆகியோரின் ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ 1979 இல் அச்சங்கத்தின் வெளியீடாகவே வந்தது. வாசகர் சங்கம் என்னும் பெயரே கருதத்தக்கது. விளம்பரக்காரருக்கு விற்கப்படும் வாசகர் இங்கு வெளியீட்டாளராகத் தம்மைத் திரட்டிக்கொள்கின்றனர். இம்முயற்சிகள் தனிமனிதரின் உழைப்பிலும் சிறுகுழுவினரின் பற்றிலும் தங்கியிருந்தன. அவர்களுக்குப் பின்னும் இயங்கவல்ல அமைப்பை அவை பெறவில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில கருத்துக்களை நாம் தொகுத்துரைக்கலாம். முதலாவது, தமிழில் வெகுசன வாசகர் என்னும் தொகுதி இயல்பாகத் தோன்றியதொன்றன்று. விளம்பரத் தொழில் அறிந்த ஒருவரால் திட்டமிட்டுத் திரட்டப்பட்டது. இரண்டாவது, அத்திரட்சி வாசிப்பை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. அதே செயலினால் வாங்குந்திறனற்றோரின் வாழ்வைப் பக்கங்களுக்கு வெளியே நிறுத்தியது. இவ்விரு விளைவுகளும் ஒரே காரணத்தின் இரு கிளைகள். மூன்றாவது, எமது சிற்றிதழ்களின் குறுகிய ஆயுளுக்கு எழுத்தின் தரத்தையோ வாசகரின் அக்கறையின்மையையோ மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. விநியோகமும் வருவாயும் பற்றிய அறிவை இலக்கியத்துக்குப் புறம்பானதாக நாம் ஒதுக்கியமையும் ஒரு காரணமாகும்.

இன்று அச்சு இதழின் நிலையே மாறிவிட்டது. கல்கி 2020 இல் அச்சில் வருவதை நிறுத்தி மின்னிதழாயிற்று. விளம்பரப் பணம் கைத்தொலைபேசித் திரைக்குப் பெயர்ந்துள்ளது. கல்முனையிலுள்ள ஓர் இளைஞர் இன்று கட்டணமின்றி வாசிப்பதற்கும் காண்பதற்கும் விலை கொடுப்பவர் யாரோ ஒரு விளம்பரக்காரரே. 1928 இலே வாசன் எண்ணிக்கையாலும் ஊராலும் அறிந்த வாசகரை, இன்றைய நிறுவனங்கள் தனித்தனியே, அவர் எதனை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதுவரை அறிகின்றன. கருவி மாறினும் தொழிலின் அடிப்படை அதுவே. ஆகவே தென்கிழக்குப் பிரதேசத்தின் எழுத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசெல்ல விரும்புவோர், நல்ல எழுத்தைத் தேடுவதோடு, அதற்கு யார் பணம் கொடுப்பர், கொடுப்பவர் எதனைக் கைம்மாறாகக் கேட்பர் என்னும் வினாக்களையும் முதலிலேயே எழுப்புதல் வேண்டும். வாசகர் சங்கம் காட்டிய வழியை ஊர்ச் சங்கங்களும் பாடசாலைகளும் நூலகங்களும் இணைந்த நிலையான சந்தா அமைப்பாக விரித்தல் இயலுமா என்பது, எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஏட்டளவில் நில்லாது செயலிலும் ஆராய வேண்டியதொன்றாகும்.